அழைப்பு மணிக்குக் கீழே நீலப் புள்ளி

என் அண்ணன் நகரசபைத் தேர்தலில் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றான். நாற்பத்தொன்று! நாலாயிரத்தில் தோற்றிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இது தொண்டையில் முள்ளாக நின்றது.

மூன்று வாரம் கழித்து என் தையல் கடையில் கூடினோம். முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தேன். வந்தது மூன்று பேர்: அண்ணன், எலெக்ட்ரீஷியன், ஆமை வேகத்தில் வண்டி ஓட்டுவதால் நாங்கள் 'புயல்' என்று கூப்பிடும் லாரி டிரைவர். ஓட்டுக் கேட்கும்போது அண்ணன் தோளில் கை போட்டு நடந்தவர்களெல்லாம் இப்போது எங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறார்கள்.

"முதல்ல நம்ம வீடுங்களுக்குப் போவோம். அடுத்த தேர்தல் வரைக்கும் ஒருத்தரும் நம்மை விட்டுப்போகக் கூடாது," என்றான் அண்ணன்.

'நம்ம வீடு' எது என்று தெரிந்துகொள்ளும் வழி என் கண்டுபிடிப்பு. தேர்தலுக்கு முன்னால் ஓட்டுக் கேட்டுப் போகும்போது, ஓட்டு நமக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்ன வீட்டின் அழைப்பு மணிக்குக் கீழே, துணியில் கோடு போடும் சாக்பீஸால் ஒரு நீலப் புள்ளி வைப்பேன். எங்களில் பிறகு வருகிறவர் அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். அர்த்தம் தெரிந்தது எங்கள் நாலு பேருக்கு மட்டும். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

மறுநாள் காலை முதல் மணியை அழுத்தினேன். கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது.

"போன வாரம்தானே உங்க ஆளுங்க வந்தாங்க?" என்றாள் அந்த அக்கா. "ரெண்டு பேர். யார் யார் எங்கே வேலை பார்க்கறோம்னு எழுதிக்கிட்டாங்க. நம்ம ஆளுங்கதானேன்னு நானும் எல்லாத்தையும் சொன்னேன்."

நாங்கள் யாரையும் அனுப்பவில்லை.

அடுத்த புள்ளி வீட்டுக்கும் அதே இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் நகரசபையில் குழாய் ரிப்பேர் செய்பவர். அந்த இரண்டு பேர் வந்துபோன மறுநாளே, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீடுகளிலும் விசாரித்தேன். புள்ளி இல்லாத வீட்டை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வேலை போன அந்தக் குழாய்க்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க அண்ணனுக்குப் போட்டதை நாங்க வெளியே யார்கிட்டயும் சொல்லலையேம்மா," என்று மட்டும் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஈரத் துணியும் கையுமாக ஏழு தெரு அலைந்து அத்தனை புள்ளிகளையும் துடைத்தேன். சிலவற்றின் பக்கத்தில் ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். அது துணிக்குப் போகவில்லை.

மாலையில் கடையில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் நாலு பேரில் ஒருவர்தான் வாய் திறந்திருக்க வேண்டும். அண்ணனாக இருக்காது என்று நினைத்தேன்; அப்படி நினைத்ததும் மற்ற இருவர் முகத்தையும் பார்க்கக் கூசியது.

"விடு. புதுசா வேற அடையாளம் வைப்போம்," என்றான் அண்ணன். லேசில் விடுகிற ஆளா அவன்!

"சுவத்துலயும் வேண்டாம், தாள்லயும் வேண்டாம்," என்றேன் நான். "எல்லா வீடும் எனக்கு மனப்பாடம். புதுசா சேர்றவங்களையும் நானே ஞாபகம் வச்சுக்கறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

சொன்னதும் மனசு லேசானது. இனி என்னால் ஒரு குடும்பமும் கெடாது.

"அப்போ மொத்தமும் இனிமே உன் ஒருத்திக்குத்தான் தெரியும்," என்றார் எலெக்ட்ரீஷியன், நிதானமாக. பிறகு பைக் சாவியை எடுத்தார். "நீ தனியா நடக்காதேம்மா. எந்தத் தெருவுக்குப் போனாலும் நானே கூட்டிட்டுப் போறேன்."

"நல்ல யோசனை," என்றான் அண்ணன்.

கூடவே வந்தால் நான் போகிற வீடெல்லாம் அவருக்கும் தெரிந்துவிடும்; வேண்டாம் என்றால் யாரைச் சந்தேகப்படுகிறேன் என்பது தெரிந்துவிடும். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.