கங்காணிக்கு ஒரு காம்பரா

இராமசாமி கங்காணி தகரப்பெட்டியோடு வந்து இறங்கியபோது, அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. எஹலியகொடயிலிருந்து த்ரீவீல் பிடித்து வந்திருந்தார். மகள் விஜயகலா முற்றத்துக்கு ஓடிவந்தாள். கூட்டம் முடிந்த பிறகு வந்தால் போதும் என்று ஃபோனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"தோட்டத்து குவாட்டர்ஸ் சாவிய குடுத்துட்டேன். இனி அங்க எனக்கு என்ன வேல?" என்றார்.

மண் சரிந்து தோட்டத்து லயம் வீடுகள் புதைந்த பிறகு ஏழு குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கிய இடம் அது. ரப்பர் காணியைக் குத்தகைக்கு எடுத்து, சேர்ந்து பால் வெட்டி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். தலைவர் கிடையாது. எதுவானாலும் பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரியம் நடக்காது. பிறந்ததிலிருந்து அதட்டலுக்கே வேலை செய்தவர்களுக்கு இது லேசில் வரவில்லை. அம்மியை எங்கே போடுவது என்று பேசியே பல நாள் அரைக்காமல் சாப்பிட்டார்கள்.

வரிசையாகக் கட்டிய அறைகளில் கடைசிக் காம்பரா காலியாக இருந்தது. அதை அப்பாவுக்குக் கேட்க நினைத்தாள் விஜயகலா. கிடைக்காவிட்டால் அவளும் கணவன் சசியும் அவரைக் கூட்டிக்கொண்டு வேறு எங்காவது போக வேண்டும். கொழும்பில் இருக்கும் அண்ணன் ஃபோனையே எடுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏழு குடும்பங்களையும் வேலை வாங்கிய கங்காணி அவர்தான். பால் வெட்டும்போது மரத்தில் காயம் பட்டால் அரைநாள் சம்பளத்தை வெட்டியவர் அவர்தான்.

கூட்டம் முடியும்வரை அவரைத் தன் காம்பராவுக்குள் இருக்க வைத்திருக்கலாம். ஆனால் பால் வெட்டுபவர்களில் ஒருவனான சுந்தரலிங்கம் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான். "பெரியவர உள்ள போட்டு பூட்டவா முடியும்? உக்காருங்க ஐயா."

கங்காணி உட்கார்ந்தார். பாய் விரித்திருந்தது, ஆனால் வேறு யாரும் உட்காரவில்லை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடக் காத்து நிற்பது போல நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"உக்காருங்களேன்," என்றாள் விஜயகலா. ஒருவரும் அசையவில்லை. "அப்பாவுக்கு அந்தக் கடசி காம்பராவ கேக்குறேன். மனசுல உள்ளத சொல்லுங்க."

"எனக்கென்ன, எல்லாரும் சொல்றதுதான்," என்றான் சுந்தரலிங்கம். அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"என்னா மூக்காயி, வாய தொறக்க மாட்டேங்குற? மலையில ஊரே கேக்குற மாதிரி கத்துவியே," என்றார் கங்காணி. இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள் வரிசையில் நின்ற மூக்காயியும் சிரித்து வைத்தாள்.

"யாரும் வேணாங்கல. அப்ப சரி, முடிஞ்சிச்சி," என்றான் சசி.

விஜயகலாவுக்கு முடிந்த மாதிரி தெரியவில்லை. பீலியடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த மூக்காயியிடம் போனாள்.

"அக்கா, ஒங்களுக்கு சரியா?"

"நான் சரின்னேனா?"

"வேணாம்னும் சொல்லலியே."

"அந்த மனுசன் முன்னுக்கு எனக்கு எப்பிடிடி வாய் வரும்?"

"அப்ப வேணாமா?"

"அப்பிடியும் சொல்லல. வயசான மனுசன், எங்க போவாரு?" மூக்காயி சட்டியைக் கவிழ்த்தாள். "எனக்கே தெரியலடி. என்னய போட்டு கொடையாத."

திரும்பி வந்தபோது முற்றத்தில் அப்பாவின் குரல். "ஏய் சுந்தரம், கான இப்பிடி வெட்டு. நீ மண்ண அள்ளு. அங்க என்ன வேடிக்க?" மழைத்தண்ணீர் ஓட வெட்ட வேண்டிய, பேசிப் பேசியே தள்ளிப்போன கான் அது. மளமளவென்று வெட்டி முடித்தார்கள். சுந்தரலிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கங்காணியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. விஜயகலா பயந்தது அந்த நிம்மதிக்குத்தான்.

"கூட்டம் இன்னும் முடியல," என்றாள் சத்தமாக. "எனக்கு சம்மதம் இல்ல. அப்பாவ சேக்க வேணாம்."

பின்னால் வந்த மூக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! பெத்த அப்பன ரோட்டுலயா விடப்போற?"

"கேட்டதும் நீ, வேணாங்குறதும் நீயா? எனக்கு மண்ட வெடிக்குது," என்றான் சசி.

"அவரு என் சம்பளத்த வெட்டுனாருதான். அதுக்காக?" என்றான் ஒருவன்.

"அதுக்காக என்ன? இங்கயும் வெட்டுவாரு!" என்றான் சுந்தரலிங்கம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"வயித்துப்புள்ளயோட பிந்தி வந்தேன்னு என்னய திருப்பி அனுப்புனீங்க," என்று மூக்காயி நேராகக் கங்காணியைப் பார்த்துச் சொன்னாள். "அத நான் மறக்கல. ஆனா..." ஆனா என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் பேசிக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

"ஏய்! என்ன சத்தம்?" என்றார் கங்காணி.

"இருங்க ஐயா, பேசிக்கிட்டு இருக்கோம்ல," என்றான் சுந்தரலிங்கம்.

கங்காணி மகளைப் பார்த்தார். "நான் இருந்தா ஒனக்கு என்னம்மா கொற?"

"நீங்க இருந்தா எல்லாரும் வரிசையில நிக்கிறாங்கப்பா."

"நான் நிக்க சொல்லலியே."

உண்மைதான், அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு வேண்டாம் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. யார் சேர்க்கச் சொல்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. சிலர் இரண்டையும் சொன்னார்கள்.

இருட்டி வந்தது. மூக்காயிதான் எழுந்தாள். "இன்னைக்கு அவரு விஜி வீட்டு விருந்தாளி. விருந்தாளிக்கு யாரு சம்மதமும் வேணாம். சோத்த போடு."

சசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் காம்பராவுக்குப் போனான்.

"அப்ப நாளைக்கு?" என்று கேட்டார் கங்காணி. அதட்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"நாளைக்கு பேசுவோம்பா," என்றாள் விஜயகலா. "நீங்களும் பாயில வந்து உக்காரணும்."

"உக்காந்தா சேத்துக்குவீங்களா?"

"தெரியலப்பா," என்றாள்.