இரண்டு சபைக்கு ஒரே தொட்டி

குழாய்க்காரர் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து உலர்ந்தபடியே கரையேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமையா, அதற்கு முந்தைய சனிக்கிழமையா என்பது இதை எழுதுகிறவனுக்கு உறுதியாக நினைவில்லை. தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது என்று சிலரும் மார்பளவு என்று சிலரும் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தது எது, பிறகு கேட்டுக் கேட்டு என்னுடையதாகிப்போனது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் துண்டு நினைவிருக்கிறது. கரையேறுகிறவருக்குக் கொடுப்பதற்கென்று ஒரு வெள்ளைத் துண்டை மடித்து வைத்திருந்தார்கள். அவர் அதை மடிப்போடு வாங்கி முகத்தில் ஒற்றினார், கழுத்தில் ஒற்றினார், பழக்கத்தில் ஒரு முனையைக் காதுக்குள்ளும் விட்டுத் திருகினார், மடிப்போடு திருப்பிக் கொடுத்தார். துண்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவரை முக்கி எடுத்த மேல்சபைப் பாஸ்டரோ மார்பு வரை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

சபை மேல் என்றும் கீழ் என்றும் பிரிந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. கட்டடம் ஒன்றுதான், மாடியில் மேல்சபை, தரைத்தளத்தில் கீழ்சபை; ஒரு காலத்தில் அட்டைப்பெட்டிக் கிடங்காக இருந்தது. இரண்டு பாஸ்டர்களும் மைத்துனர்கள்; மேல்சபைப் பாஸ்டரின் தங்கையைத்தான் கீழ்சபைப் பாஸ்டர் கட்டியிருந்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் மூவரே, ஆனாலும் தேவன் ஒருவரே என்பது கீழ்சபையின் போதனை. மூன்று என்று எண்ணிவிட்டு ஒன்று என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு என்று மேல்சபை கேட்டது. படைத்தபோது பிதா, மாம்சத்தில் வந்தபோது குமாரன், உள்ளத்தில் இருக்கும்போது ஆவி, ஆள் ஒருவரே, அவர் பெயர் இயேசு, ஆகையால் அந்த ஒரே நாமத்தில்தான் முழுக்கு என்றது. இதுவரைக்கும்கூட ஜனங்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று பட்டங்களைச் சொல்லி முழுகியவர்கள் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அல்ல, குளித்தவர்கள் என்று மேல்சபைப் பாஸ்டர் ஒரு நாள் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் சபை உடைந்தது. நாற்காலிகளைப் பிரித்தார்கள், மின்விசிறிகளைப் பிரித்தார்கள், ஒலிபெருக்கி கீழே போக, மைக் மேலே போனது. பின்முற்றத்தில் இருந்த சிமென்ட் தொட்டியை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் இவர்கள், மறு வாரம் அவர்கள் என்று முறை வைத்துக்கொண்டு, இடையில் தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வேலையும் குழாய்க்காரருடையதாயிற்று. "தண்ணிக்கு என்னங்க தெரியப்போகுது" என்று அவர் அப்போது சொன்னதாகப் பலருக்கு நினைவு.

குழாய்க்காரர் கீழ்சபை. அவர் மனைவி தையல்காரி, பிரிந்த இரண்டாம் வருடமே மேலே போய்விட்டாள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. சின்ன வயதிலிருந்தே ஜெபம் செய்யக் கண்ணை மூடினால் யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் திகைப்பு. "ஆபீஸ்ல மூணு மேஜைக்கு மனு குடுக்கிற மாதிரியே இருந்துச்சுங்க. இப்ப ஒரே ஜன்னல்" என்று கணவரிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்ததை அவரும் பார்த்தார். மறுமுழுக்கு எடுத்து, முறையாக நனைந்து வந்தாள். அந்த வாரமே தன் கட்டிலைத் தையல் அறைக்கு மாற்றிக்கொண்டாள். சண்டை எதுவும் இல்லை. சமைத்தாள், பரிமாறினாள், சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"முழுக்கு எடுக்காதவரோட எப்படிங்க ஒண்ணாப் படுக்கிறது?"

"நான் எடுத்தவன்தானே? பதினேழு வயசுல. எங்கம்மா கரையில நின்னு பாத்துச்சு."

"அது குளியல்."

அவர் இரண்டு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து, அந்தப் பக்கம் ஓடும் தையல் இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓசையை வைத்தே காலர் தைக்கிறாளா, ஓரம் அடிக்கிறாளா என்று சொல்லும் அளவுக்குத் தேறினார். பிறகு ஒரு நாள் காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "சரி, மேல எடுத்துக்கிறேன்" என்றார். அவள் அன்றைக்கே அவருக்கு ஒரு வெள்ளை அங்கி தைத்தாள். அளவு எடுக்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

தொட்டிக்குள் நடந்தது பல வருடம் கழித்தே தெரியவந்தது. கதை புரிவதற்காக அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படியில் கால் வைத்தபோது குழாய்க்காரருக்கு, செத்துப்போன அம்மாவின் நினைவு வந்தது. மாற்றுச்சட்டையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் கரையில் நின்ற நாள். இது ஞானஸ்நானம் என்றால் அது குளியல். அப்படியென்றால் அவள் அன்று அழுதது ஒரு குளியலுக்காக. மேல்சபைப் பாஸ்டர் அவர் தலையில் கைவைத்து, "இயேசுவின் நாமத்தில்" என்று உரக்கச் சொன்னார். அதே நொடியில் இவர் உதடு பிரியாமல் மூன்று பெயரையும் உள்ளுக்குள் சொல்லிவிட்டார். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. துணிக்குவியலுக்குள் இறங்கியது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

அன்றிலிருந்து எந்தத் தண்ணீரும் அவரை நனைக்கவில்லை. மழை அவர் தோளுக்கு ஒரு விரற்கடை மேலேயே வழிமாறி விழுந்தது. குடித்த தண்ணீர் உள்ளே போயிற்று, தாகமும் அடங்கிற்று, வெளியேதான் ஒட்டவில்லை. இரும்புச் சாமான்களைத் துடைப்பதுபோல எண்ணெய் தொட்ட துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். தொழில் பெருகியது. நிரம்பி வழியும் தரைத்தொட்டிக்குள் சட்டையோடு இறங்கி, வால்வை மாற்றிவிட்டு, அப்படியே அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது. தரையை ஈரமாக்காத குழாய்க்காரர் என்று அவரைத் தேடி வந்தார்கள். வீட்டில் மட்டும் கட்டில் நகரவில்லை. அவள் கொடுமைக்காரி அல்ல. அவளால் முடிவெடுக்க முடியவில்லை.

"முழுகினது நிஜந்தானே? நீயும் பாத்தியே."

"பாத்தேன். கல்லுகூடத் தண்ணிக்குள்ள போனா நனையுதுங்க. நீங்க நனையலையே. எடுத்தீங்கன்னு வெச்சுக்கிறதா, எடுக்கலைன்னு வெச்சுக்கிறதா, சொல்லுங்க."

அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. சொன்னால் இரண்டு பக்கமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

மறுவருடம், இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று இரண்டு சபையும் சேர்ந்து மூன்று மாலைகள் விவாதம் வைத்தன. கீழ்சபையின் ஒலிபெருக்கியும் மேல்சபையின் மைக்கும் அப்போதுதான் மறுபடி சேர்ந்தன. முதல் மாலை கீழ்சபைப் பாஸ்டர், தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உவமை சொல்வதற்காக ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி கொண்டுவந்திருந்தார். மேல்சபைப் பாஸ்டர் அதைக் கையில் எடுத்து, "ஒரே தண்ணிதான் மூணு வேஷம் போடுதுன்னா அது என்னோட போதனை மாப்ள. இத்தனை நாளா இதுக்கா சண்டை போட்டீங்க?" என்றார். கீழ்சபைப் பாஸ்டர் கிண்ணத்தைத் திரும்ப வாங்கி மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் மாலை அவர் விட்ட இடத்தைப் பிடித்தார். குமாரன் முழுக்கு எடுத்து ஆற்றில் நிற்க, மேலிருந்து குரல் கேட்க, நடுவே புறாவைப் போல் ஆவி இறங்கியதே, ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் நின்றாரா என்று கேட்டார். சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் வியர்வை சிந்த ஜெபித்தவர் தன்னிடமே வேண்டிக்கொண்டாரா என்றும் கேட்டார். மேல்சபைப் பாஸ்டர் தண்ணீர் குடித்தார். "பதில் இருக்கு மாப்ள, நேரம் ஆயிருச்சு" என்றார்.

மூன்றாம் மாலை குழாய்க்காரரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார்கள். தரைதான் நனைந்தது. முதல் முழுக்கே செல்லும், செய்த வேலையைத் தண்ணீர் இரண்டாம் முறை செய்யாது, அதற்கு இவரே அத்தாட்சி என்றார் கீழ்சபைப் பாஸ்டர். பழைய முழுக்கு எண்ணெய்போல் மேலே படிந்திருக்கிறது, சத்தியத்தை உள்ளே விடவில்லை, அதற்கு இவரே அத்தாட்சி என்றார் மேல்சபைப் பாஸ்டர். இரண்டுக்கும் ஆமென் விழுந்தது. அத்தாட்சியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். ஒன்பது மணிக்கு, கீழ்சபைப் பாஸ்டரின் மனைவி எழுந்து, "அண்ணே, நீங்களும் இவரும் சாமிய எண்ணி முடிச்சிட்டா சாப்பிட வரலாம். தட்டு ரெண்டுதான் வெச்சிருக்கேன்" என்றாள். விவாதம் அத்துடன் முடிந்தது. வெற்றி யாருக்கு என்று இரண்டு சபையும் தனித்தனியே நோட்டீஸ் அடித்தன.

முழுகிய ஆறாம் வருடம் குழாய்க்காரருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, சூடு இறங்க நெற்றியிலும் நெஞ்சிலும் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், இறங்காவிட்டால் ஆள் தாங்காது என்று சொல்லிப் போனார். தையல்காரி போட்டுப் பார்த்தாள். பாத்திரத்தில் சொட்டிய துணி அவர் நெற்றியைத் தொட்டதும் இஸ்திரி போட்டதுபோல உலர்ந்தது. பாஸ்டர்கள் இருவரும் வந்தார்கள். மேல்சபைப் பாஸ்டர் ஒரு நாமத்தைச் சொல்லித் துணியைப் போட்டார், உலர்ந்தது. கீழ்சபைப் பாஸ்டர் மூன்று நாமத்தைச் சொல்லிப் போட்டார், உலர்ந்தது. மதியம் இருவரும் ஒரே குடையில் திரும்பிப் போனார்கள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "அன்னிக்கி அவர் ஒண்ணு சொன்னாரா? நான் உள்ளுக்குள்ள மூணு சொல்லிட்டேன்."

"ஏங்க?"

"நீயும் வேணும்னு இருந்துச்சு. அம்மாவை விடவும் மனசு வரலை."

அவள் பாத்திரத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல யாரும் அங்கே இல்லை. வெயில் சன்னலிலிருந்து இறங்கி, திறந்த கதவு வழியே தெரிந்த தையல் இயந்திரத்தின் மிதிவரைக்கும் வந்துவிட்டது என்று அவள் பிறகு சொன்னாள். கோபம் வந்தது, போனது. தன் பிள்ளை முழுகுவதைப் பார்த்து அழுத ஒரு பெண் நினைவில் வந்தாள், போகவில்லை. ஆறு வருடமாக ஒரு மனுஷன் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு ஊர் வீடுகளின் ஒழுக்கையெல்லாம் அடைத்திருக்கிறான் என்று தோன்றியது. துணியை எடுத்து நனைத்தாள். காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஜெபித்தபடியே போட்டவள், இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை, மூன்றும் இல்லை. துணி ஈரமாகவே இருந்தது. தண்ணீர் அவர் நெற்றியிலிருந்து காதுவழியாக இறங்கித் தலையணையில் பரவியது.

"சில்லுன்னு இருக்கு" என்றார்.

"பேசாதீங்க" என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் சூடு இறங்கியது. அடுத்த வாரம் கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது வாசற்படியில் மாட்டிக்கொள்ள, அவர் ஸ்பானரை எடுத்து ஒரு காலைக் கழற்றவேண்டி வந்தது. அதன் பிறகும் மழை அவரை நனைக்கவில்லை, குழாய் நனைக்கவில்லை. அவள் கையால் ஊற்றினால் மட்டும் நனைந்தார். பாஸ்டர்கள் இருவரும் விசாரிக்க வந்தார்கள்.

"ஊத்தும்போது என்னம்மா சொன்னே?" என்றார் மேல்சபைப் பாஸ்டர்.

"எதுவும் சொல்லலீங்களே, பாஸ்டரய்யா."

"மனசுக்குள்ளயாவது?"

"இல்லீங்க."

அந்தப் பதிலை வைத்து இருவராலும் மேலேயோ கீழேயோ பிரசங்கம் செய்ய முடியவில்லை.

கீழ்சபைப் பாஸ்டர் பதினோரு வருடம் கழித்து இறந்தார். தங்கை கேட்டுக்கொண்டபடி மைத்துனரே அடக்கம் செய்தார். நாமம் சொல்லவேண்டிய இடம் வந்ததும் குழியருகே வாயைத் திறக்காமல் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "போதும்ணே, வெயில் ஏறுது" என்று தங்கை சொன்ன பிறகு மண்ணைப் போட்டார்கள். அவர் இப்போது பிரசங்கம் செய்வதில்லை, மகன் செய்கிறான். தங்கை எந்தத் தளத்துக்கும் போகாமல் படிக்கட்டுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பாட்டையும் கேட்கிறாள். குழாய்க்காரர் எழுபத்திரண்டாம் வயதில் தூக்கத்தில் போனார். தையல்காரியே பேசாமல் அவரைக் கழுவினாள், எல்லோரையும் போல நனைந்தார். அவள் இன்னும் தைக்கிறாள். காலையில் ஜெபிக்கிறாள், ஒரே ஜன்னலில்தான். இரண்டு சபையும் அதே தொட்டியில்தான் முழுக்குக் கொடுக்கின்றன. தொட்டியின் வடக்கு மூலையில் ஒரு கசிவு இருக்கிறது. அதைப் பார்க்க வேறொரு குழாய்க்காரர் வருகிறார், வேலை முடிந்து போகும்போது நனைந்துதான் போகிறார்.