எழுதும் கை எது?

அந்த டாக்டருக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘சதவீதம்’. கட்டிலில் கிடக்கும் மனுஷனை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சுவரில் ஒளிரும் அவனுடைய மூளைப் படத்தைத்தான் பெற்ற பிள்ளையைப் போல வாஞ்சையோடு பார்ப்பார்.

பக்கவாதம் வந்து ஐந்து நாள். மூளையின் ரத்தக் குழாயை அடைத்திருந்த ரத்தக் கட்டியை எடுத்தாயிற்று. சலூனில் நாளெல்லாம் பேசிப் பேசியே வாடிக்கையாளர் காதைப் புளிக்க வைத்த அவள் புருஷனுக்கு இன்னும் ஒரு சொல் வரவில்லை.

“படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சும்மா. பேச்சு திரும்ப நூத்துக்கு எட்டு பங்குதான் வாய்ப்பு. நாப்பதுக்கு மேல இருந்தாத்தான் பேச்சுப் பயிற்சிக்கு இடம்.”

“நீங்க அவர்கிட்ட பேசிப் பாத்தீங்களா டாக்டர்?”

“படமே எல்லாத்தையும் சொல்லிடுதேம்மா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லாத படம் எல்லாம் சொல்கிறதாம், வாயுள்ளவனுக்குப் பயிற்சி கிடையாதாம்! பயிற்சி இல்லாமல் இவன் இப்படியே ஊமையாகிப் போனால் என்று நினைத்ததும் கோபமெல்லாம் வடிந்து, கட்டில் பக்கம் திரும்பினாள்.

அப்போது அவனுடைய இடது கை மெல்ல எழுந்தது. டாக்டரின் தலைக்கு நேராக இரண்டு விரல்கள் திறந்து மூடின. மறுபடியும் திறந்து மூடின.

“அது தானா வர்ற அசைவு. அர்த்தம் ஒண்ணும் கிடையாது.”

“அர்த்தம் கிடையாதா? அது கத்திரி டாக்டர்! இருபது வருஷமா அந்தக் கையாலதான் முடி வெட்டுறார். தெருவே ‘பீச்சாங்கை சலூன்’னுதான் சொல்லும்.”

டாக்டர் முதல்முறையாகப் படத்தை விட்டுத் திரும்பினார். “படிவத்துல வலது கைன்னு எழுதியிருக்கீங்களே?”

“‘எழுதும் கை எது’ன்னுதானே கேட்டிருந்தீங்க? பள்ளிக்கூடத்துல வாத்தியார் அடிச்ச அடியில எழுத்து மட்டும் வலது கைக்குப் போயிடுச்சு. மத்ததெல்லாம் இடதுதான்.”

“இடது கைக்காரங்க சிலருக்குப் பேச்சு மூளையோட அடிபடாத மறுபக்கத்துல இருக்கும்…” என்று முனகியபடி டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றித் தட்டினார்.

கட்டிலில் உதடு அசைந்தது. “கோ… கோணல்.”

“டாக்டர், பேசுறார்! பேசிட்டார்!”

“ஒரு நிமிஷம்மா, கணக்கு ஓடிட்டிருக்கு.” டாக்டர் தலை நிமிரவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. “நாப்பத்தொண்ணு! இவருக்குப் பேச்சு வரும்மா. நாளைக்கே பயிற்சி ஆரம்பிச்சிடலாம். பாத்தீங்களா, கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான்.”

சொல்லிவிட்டு அவர் கம்பீரமாகக் கிளம்பினார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “என்னங்க கோணல்?”

வாசலைத் தாண்டும் டாக்டரின் பின்மண்டையை அந்த இரண்டு விரல்களும் காட்டின. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, யாரோ முடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிவிட்டிருந்தார்கள். ஐந்து நாளாக அந்த அறையில் எதிரே இருப்பவர் தலையை ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.