கடிகாரக் கடை வீடு

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு விசேஷமும் கிடையாது. ஒரு குளம் வெட்டி அதன் பக்கத்தில் நாலு வீடு கட்டியவர்கள் யாராயிருந்தாலும் வைத்திருக்கக்கூடிய பெயர்தான். இது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது. அதற்குள் என் வாயால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் கட்டடங்களில் ஏறி இறங்குகிறேன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைப் பிளந்து வெளியே எடுத்தால் முதலில் என்னைத் திட்டுவார்கள், பிறகுதான் மூச்சு விடுவார்கள். பெயர் என்ன என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவனை நூற்று நாற்பது பேர் ஒரே நாளில் 'வாங்கண்ணே' என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? உச்சி குளிர்ந்துவிடும். குளிர்ந்துவிட்டது.

ஊர்ப் பெயரைப் போட்டுச் சும்மா தேடியபோது அகப்பட்ட இணையக் குழு அது. ஆளுக்கு ஒரு நாட்டில் இருந்தார்கள். புதிதாக உள்ளே வருகிறவரிடம் பெயரைக் கேட்க மாட்டார்கள். "எந்த வீடு?" என்றுதான் கேட்பார்கள். மாவு மில் வீடு, பச்சைக் கேட் வீடு, மூணு டீச்சர் வீடு என்று பதில் வரவேண்டும். அதன்பிறகு அதுவே அவருக்குப் பெயர். நான் "தண்ணித் தொட்டித் தெரு, தபால்காரர் வீடு" என்றேன். "அட, நம்ம தபால்காரர் வீடா" என்று ஏழு பேர் பாய்ந்து வந்தார்கள். அப்பாவின் சைக்கிள் மணிச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது என்றார் ஒருவர். எந்த ஊர்த் தபால்காரருடைய சைக்கிளில் மணி இல்லை? அப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. கண் கலங்கிப் போய் மொட்டைமாடி மோட்டார் அறையில் ஸ்பானரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ரயில்வே கேட், தகரக் கூரை போட்ட தியேட்டர், வகுப்புக்குள் வரும்போதே கையை ஓங்கிக்கொண்டு வருகிற கணக்கு வாத்தியார் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தாததை நானே பொருத்திக்கொண்டேன். மேட்டுத் தெரு என்று யாராவது சொன்னால், நான் ஊரைவிட்டு வந்தபிறகு முளைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வேன். ஆசை வந்துவிட்டால் மனிதனுக்குப் புத்தி எதற்கு?

மூன்றாவது மாதம் ஒருவர் குழுவில் சேர்ந்தார். முப்பத்தாறு வயது, பஸ் ஓட்டுகிறவர். எந்த வீடு என்று கேட்டதற்கு "கடிகாரக் கடை வீடு" என்று மட்டும் எழுதினார். வழக்கமாகப் பாய்கிற ஏழு பேரையும் காணோம். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள் போலும் என்று நானே முந்திக்கொண்டு, "வாங்க தம்பி, எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை" என்று எழுதினேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போட்டார். அதிகம் பேசாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தாள். துணி திருத்தும் கடை வைத்திருந்ததால் எல்லாரும் அவளைத் தையல் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயதில் ஊரைவிட்டு வந்தவள். அப்பா அம்மா இல்லை. முதல் கல்யாணம் முறிந்து, ஒன்பது வயது மகளோடு தனியாக இருந்தாள். டிரைவரும் அவளும் குழுவில் பேசிப் பழகி, பிறகு தனியே பேசி, அவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அவள் எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, உங்கள என் கூடப்பொறந்தவரா நெனச்சுக் கேக்கறேன். அந்த வீடு எப்படிப்பட்ட வீடு? எனக்குன்னு விசாரிக்க ஆள் இல்ல. குழுவுலயே நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன். 'சரியா ஞாபகம் இல்லம்மா'ன்னு நழுவுறாங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. பரீட்சை வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் கையில் வாட்ச் இருக்காது. கடிகாரக் கடைக்காரர் தன்னிடம் ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் கிடந்த வாட்ச்சுகளை ஓட வைத்து, கடை வாசலில் எங்களை வரிசையாக நிறுத்தித் தன் கையாலேயே கட்டிவிடுவார். என் மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கும். வாரில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டு இறுக்கினார். "நேரத்தப் பாத்து எழுது. பக்கத்துல பாத்து எழுதாத" என்றார். பரீட்சை முடிந்து திருப்பிக் கொடுக்க மறந்த பிள்ளைகளை அவர் தேடி வந்ததே இல்லை.

இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். கடைசியில், "தங்கமான குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் சொல்லு" என்று சேர்த்தேன். எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் அவள் சரி என்றுவிட்டாள். பதிவுத் திருமணத்துக்கு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அவள் கடையைக் காலி செய்துவிட்டு மகளோடு டிரைவர் இருக்கும் ஊருக்குப் போவதாக ஏற்பாடு.

குட்டை உடைத்தது என் மனைவி. யாரோ பள்ளிக்கூட மைதானத்தின் படத்தைக் குழுவில் போட்டிருந்தார்கள். நான் பெருமையாக அவளிடம் நீட்டினேன். கல்யாணமான புதிதில் நாலு வருஷம் எங்கள் ஊரில் குடித்தனம் செய்தவள் அவள்.

"இது என்ன மலை?" என்றாள்.

"எது?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி நிக்குதே, இவ்ளோ பெருசா. உங்க ஊர்ல ஏது மலை? தூர் வாரின மண்ணக் கொட்டி வச்சிருந்தாங்க, அதுதான் அங்க இருந்ததுலயே ஒசரம்."

அன்று முழுக்க வரைபடத்தை நோண்டினேன். அதே பெயரில் இன்னொரு ஊர், ஒரு நாள் பயணத் தூரத்தில், மலையடிவாரத்தில் இருந்தது. அதற்கும் ரயில்வே கேட் இருந்தது. தண்ணீர்த் தொட்டித் தெருவும் இருந்தது. ஐந்து மாதமாக நான் வேற்றூர்க்காரர்களோடு உறவு கொண்டாடியிருக்கிறேன். நான் நற்சாட்சி கொடுத்த வீட்டின் வாசல்படியைக்கூடப் பார்த்ததில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் சொல்லவில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் எந்த ஊரிலும் பொறுமைசாலியாகத்தான் இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் கேவலமானது. சொன்னால் அந்த 'அண்ணே' போய்விடும். காலையில் கைப்பேசியைத் திறந்தால் யாரோ ஒருவர் "அண்ணே சாப்ட்டாச்சா" என்று கேட்டிருப்பார். அதை விட மனசு வரவில்லை.

"ஊர் பேரு ஒண்ணா இருந்தா ஊரே ஒண்ணாயிடுமா?" என்றாள் மனைவி.

"சொன்னா என்னைத் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும். அந்தப் பொண்ணு உங்க வார்த்தைய நம்பிக் கடையக் காலி பண்ணிட்டு இருக்கு. கையில பொம்பளப் புள்ள வேற. நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா பன்னெண்டு நாள் பேசாம இருப்பீங்களா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அன்று மதியம் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் அறையிலிருந்து தையலுக்குப் போன் செய்தேன். லிஃப்ட்டை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"அப்ப அந்தப் பரீட்சை வாட்ச்சு?" என்றாள்.

"அது நெசம்மா. ஆனா அது வேற ஊரு, வேற கடை. அவரோட அப்பாவ எனக்குத் தெரியாது."

அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் மொத புருஷன நல்லா தெரிஞ்சவங்க பத்துப் பேரு தங்கம்னு சொன்னாங்கண்ணே. எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னாங்க. நீங்க தெரியாம சொல்லிருக்கீங்க, அவ்ளோதான்." மெஷினைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தினாள். "நீங்க எழுதினத நான் அவருக்கும் அனுப்பிட்டேன். அவர் ஒண்ணுமே மறுக்கல. இப்ப அவருக்கும் போன் பண்ணி, உங்க ஊர் வேறன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத அவரா வந்து எங்கிட்ட சொல்றாரான்னு பாக்கணும்."

டிரைவர் டிப்போவில் இருந்தார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற கூச்சல். அது அடங்கும்வரை காத்திருந்துதான் பேசினார்.

"குழுவுல நான் பேரு போட்டதும் எல்லாரும் ஏன் கம்முனு இருந்தாங்கன்னு உங்களுக்குப் புரியலயாண்ணே?"

"இப்பதான் புரியுது."

"எங்கப்பா ரிப்பேருக்கு வந்த வாட்ச்ச வித்துக் குடிப்பாரு. கேக்க வந்தவங்க முன்னாடியே அம்மாவ அடிப்பாரு, அவங்க பயந்து போயிடட்டும்னு. மொத்தத் தெருவும் பாத்துருக்கு. எனக்குப் பன்னெண்டு வயசுல செத்துட்டாரு. நீங்க எழுதினத அவங்க எனக்கு அனுப்பினப்ப, பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டுப் படிச்சேன். உலகத்துல ஒரே ஒரு ஆளுக்காவது நல்லது பண்ணிருக்காரேன்னு இருந்துச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி நல்லவரா இருந்திருக்கலாம்ல? அப்படி நெனச்சுதான் நான் மறுக்கல. ஏமாத்தணும்னு இல்லண்ணே."

வெட்கமாக இருந்தது. யாருடைய அப்பாவையோ எடுத்து இவருக்குக் கொடுத்து, இப்போது திரும்பப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கே அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றார்.

சொன்னார். மறுநாள் தையல் எனக்கு எழுதினாள். நாலு பேர் மறைத்ததை அவரே சொன்னதாகவும், அவர் சொல்லச் சொல்லத் தனக்குப் பயமாக இருந்ததாகவும், அவர் அடித்தவனுக்கும் மகன்தானே, அடி வாங்கிய வீட்டுக்கும் அடித்தவன் வீட்டுக்கும் ஒரே வாசல்தானே என்றும் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமையை ரத்து செய்துவிட்டாள். கல்யாணம் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "தெரியலண்ணே. ஆறு மாசம் பாக்கறேன். கடைய விடப் போறதில்ல" என்று பதில் வந்தது.

குழுவிலும் உண்மையை எழுதினேன். "அதான் பேச்சுல ஆரம்பத்துலயே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பாவின் சைக்கிள் மணியைக் கேட்டவர். பத்து நிமிஷத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். அந்த நாலு பேரை யாரும் நீக்கவில்லை.

மூன்று நாள் கழித்து டிரைவர் கூப்பிட்டார். நான் ஒரு அலுவலகத்தின் வாசலில், பழுது என்ற பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு சங்கடம். நீங்க எழுதினத அப்பவே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். அம்மா பெட்டியில கெடந்த அப்பா போட்டோவ எடுத்துத் தொடச்சுச் சுவத்துல மாட்டினாங்க. இருபத்திநாலு வருஷத்துல மொத தடவ. இப்ப ஊர் மாறிப்போச்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. உங்ககிட்ட பேசணுமாம்."

நான் சரி என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"தம்பி, நீங்க தபால்காரர் வீடுதான?" குரல் தெளிவாக இருந்தது. எந்தத் தடுமாற்றமும் இல்லை.

"ஆமாம்மா. ஆனா ஊரு வந்து..."

"தண்ணித் தொட்டித் தெருவுலதான வீடு?"

"ஆமா."

"அப்புறம் என்ன. நம்ம ஊருதான். இவன் என்னமோ ஒளர்றான். அவரு உங்க கையில வாட்ச்சு கட்டிவிட்டாருல்ல?"

இனிமேல் பொய் சொல்வதில்லை என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அடி வாங்கியது இந்த அம்மா. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று இவருக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? பலகையைக் கீழே வைத்தேன்.

"கட்டிவிட்டாரும்மா" என்றேன்.

"எந்த வருஷம்?"

சொன்னேன். அந்த அம்மா கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. பிறகு போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் நிற்கிற மகனிடம் பேசினார்.

"பாத்தியா. அப்ப நீ பொறக்கவே இல்ல. அதான் உனக்குத் தெரியல."