பட்டினித் தண்ணீர்

செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கப் பால்கனிக்குப் போய், செடிகளின் தண்ணீர்த் தொட்டி மூடியை ஒதுக்கி, உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற மீட்டரை அவள் தண்ணீருக்குள் விட்டாள். எண் நேற்றைவிட ஏறியிருந்தது. தண்ணீர் வற்றினால் உப்பு அடர்ந்து எண் ஏறும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் தொட்டியின் உட்சுவரில் அடையாளத்துக்கு ஒட்டியிருந்த நாடாவுக்கு நேராகவே தண்ணீர் நின்றது. இன்னொரு மீட்டரை எடுத்து பி.எச். பார்த்தாள். செடிகள் குடிக்கக் குடிக்க அது மெல்ல மேலே போகும், சில சொட்டு அமிலம் விட்டு இறக்க வேண்டியிருக்கும். இன்று தானாகவே இறங்கியிருந்தது. மீட்டரில்தான் கோளாறோ என்று, சரிபார்க்கும் கரைசலில் முக்கிப் பார்த்தாள். மீட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். இம்மி பிசகினாலும் போட்டுக்கொண்டவருக்குத் தலைவலி வரும். மறுநாளே வந்து கத்துவார். அதனால் எண்கள்மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை. மனிதர்கள் மழுப்புவார்கள், எண் மழுப்பாது.

அவள் கணவரை டிப்போவில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். அவர் வண்டியில் கைக்குழந்தையோடு ஏறினால், இறங்குவதற்குள் குழந்தைக்குப் பல் முளைத்துவிடும் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். சிறுநீரகங்கள் மட்டும் அந்த நிதானத்தைக் கடைப்பிடிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் இரண்டும் கைவிட்டன. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கு அளவு, உப்புக்கு அளவு. பழம், கிழங்கு, கீரை எதைத் தொட்டாலும் பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கீரையை இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தருவாள். சக்கையாக இருக்கும். "பச்சையா ஒரு இலை தின்னா செத்தா போயிடுவேன்?" என்று ஒரு நாள் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "போயிடுவேன்ல?" என்றார்.

பால்கனியில் குழாய்களில் துளை போட்டு, மண்ணில்லாமல் லெட்டூஸ் வளர்ப்பதை அவள் அதற்கு முன்பே பொழுதுபோக்காகத் தொடங்கியிருந்தாள். செடி வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ சொன்னது அவள் மனதில் தங்கியது. தண்ணீரில் நாம் கொடுப்பதைத்தான் செடி தின்கிறது. வளர்ந்து முடிகிற சமயத்தில் பொட்டாசியத்தை நிறுத்திவிட்டால் இலையில் அது குறைவாகத்தான் இருக்கும். கடையில் விற்கும் கலவை ஆகாது. ஒவ்வொரு உப்பையும் தனித்தனியாக வாங்கி, வேண்டாததை விட்டுவிட்டு, அவளே எடைபோட்டுக் கரைத்தாள். அவர் அதற்குப் 'பட்டினித் தண்ணி' என்று பெயர் வைத்தார். சில நாட்களில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு நெருப்பில் காட்டியதுபோலக் கருகியது. அவள் உள் இலைகளை மட்டும் பறித்துத் தந்தாள். "கொஞ்சமா குடுத்துப் பாருங்க, ரத்தத்தப் பாத்துட்டு மேல சொல்றேன்" என்று டாக்டர் அரைமனதோடு தலையாட்டியிருந்தார். முதல் இலையைக் கணவர் மென்றுகொண்டே இருந்தார். "மாடு தோத்துச்சு, முழுங்குங்க" என்று சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. 'கொஞ்சம்' என்பது சீக்கிரத்திலேயே தினம் ஒரு கிண்ணம் ஆனது. அடுத்த நடவில் இலையோரம் கருகவே இல்லை. செடி பட்டினிக்குப் பழகிவிட்டது என்று அவள் குழுவில் படம் போட்டாள். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன.

மீட்டர் புதிர் போட்ட மறுநாள், டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் அவளைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, வீட்ல என்ன சாப்பிடுறாரு? பொட்டாசியம் ஏறிக்கெடக்கு. டாக்டர் ரொம்பக் கோவப்படுறாரு."

"புதுசா ஒண்ணும் குடுக்கலியே. அந்த இலை மட்டுந்தான். அதுல பொட்டாசியமே இல்லம்மா, நானே கலக்குறேன்."

"அப்போ வெளிய எங்கயாவது கை நனைக்கிறாரு. நீங்க வேலைக்குப் போனப்புறம் அவர யாரு பாக்குறா?"

ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"என்ன தின்னீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி குத்திய கையின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழமா? முக்குக் கடையில தொங்குதே, அந்தப் பழமா?"

"ஆமா" என்றார். "ஒண்ணே ஒண்ணு."

அவள் திட்டினாள். தன் உழைப்பைச் சொன்னாள், செத்துப்போனால் தன் கதி என்ன என்று கேட்டாள். அவர் எதையும் மறுக்கவில்லை. கிண்ணத்தில் இலை வைத்தபோது மட்டும், "இன்னிக்கு வேணாமே" என்றார். "பழம் வேணும், நான் வளக்குறது வேணாமோ?" என்று தட்டை நகர்த்தினாள். அவர் தின்றார்.

மறுநாள் கடையில் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் நாடாவுக்கு நேராக நின்றது நினைவுக்கு வந்தது. இத்தனை செடிகள் ஒரு பகல் முழுக்கக் குடித்திருக்கின்றன. அப்படியும் மட்டம் எப்படிக் குறையாமல் இருக்கும்? தேய்ப்பதை நிறுத்தினாள். குறையாததுதான் தப்பு. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெயிலோடு கிளம்பினாள். வழியெல்லாம் அவளுக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

அவர் பால்கனியில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலடியில், முன்பு கடையில் வாங்கி, பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அவள் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கலவை பாட்டில். ஒரு சொம்புத் தண்ணீரில் அதை மூடியால் அளந்து ஊற்றி, குச்சியால் கலக்கி, தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தார். நாடாவுக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். அதிலும் அதே நிதானம்.

அவள் நிழல் விழுந்ததும் திரும்பினார். எழுந்திருக்கவில்லை.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீதான சொன்னே."

"இது இலைக்குப் போகும், இலை உங்களுக்குப் போகும். அதுவும் தெரியுமா?"

"மொதல்ல அரை மூடி சும்மா விட்டேன், இப்போதான் தண்ணி சேத்து ரெண்டு மூடி. என்ன ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன்."

"அப்போ அந்தப் பழம்?"

"பழமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீயே கேட்ட, நான் தலையாட்டுனேன். பழம்னா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவ. இதுன்னு தெரிஞ்சா இந்தக் குழாயெல்லாம் புடுங்கிப் போட்டுடுவ."

அவள் சுவரில் சாய்ந்தாள். குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கோபப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. எந்த முனையில் தொடங்குவது என்று பிடிபடவில்லை.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

அவர் ஓர் இலையின் ஓரத்தை விரலால் தடவினார். "பகல் பூரா நான்தானே இதுங்ககூட இருக்கேன். ஓரம் ஓரமாக் கருகிக்கிட்டு வருது. தண்ணிக்குள்ளயே நிக்குது, ஆனா பட்டினி. நான் அளந்து குடிக்கிறேன், சரி, எனக்கு விதி. நீ எதுக்கு?"

"நானா?"

"உப்பில்லாம நீ எதுக்குத் திங்கிற? அந்தச் சக்கைய எதுக்கு என்கூட உக்காந்து முழுங்குற? கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. கேட்டா, எனக்கு இதே பழகிடுச்சுங்கிற. செடியும் பழகிடுச்சுன்னு படம் போட்ட. பாத்தேன். ஒண்ணும் பழகல. நான் ஊத்துனேன்."

அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. தனக்கென்று தனியாக ஏதாவது சமைத்துக்கொண்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். அவர் தேம்பவில்லை, குரலும் உயரவில்லை. தடம் மாறி ஏறிய பயணிக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று பறித்த இலை எதையும் அவருக்கு அவள் தரவில்லை. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் இருவரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு, மருந்தை மாற்றி எழுதினார், அடுத்த பரிசோதனை வரை பச்சை இலை கூடாது என்றார். அந்தப் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. பயம் தீர்கிற அளவுக்கு இல்லை, நர்ஸ் முகத்தைச் சுளிக்காத அளவுக்கு.

குழாய்களை அவள் பிடுங்கவில்லை. இன்னொரு தொட்டி வாங்கி, வரிசையை இரண்டாகப் பிரித்தாள். ஒன்று அவருக்கு, பட்டினித் தண்ணீர். இன்னொன்றுக்கு முழுச் சாப்பாடு; அது அவளுக்கு என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்த இலையில் உப்பும் மிளகும் தூவி, அவர் எதிரில் உட்கார்ந்து முதன்முதலாகத் தின்றாள். "நல்லாருக்கா?" என்றார். "இருக்கு" என்றாள். "பொய் சொல்லாம சொல்லு." "ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். டாக்டர் அவருக்கு அனுமதித்தது ஓர் இலை. அதன் ஓரம் லேசாகக் கருகியிருந்தது. அதைக் கிள்ளி எறியாமல் சேர்த்தே தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது நாற்றுகளுக்குத் தண்ணீர் மாற்றினார்கள். தூக்கி ஊற்றும் வேலை அவளுக்கு, மீட்டரைப் பிடிக்கும் வேலை அவருக்கு. அவள் அமிலக் குப்பியின் சொட்டுக் குழாயைத் தொட்டிக்கு மேலே நீட்டினாள். அவர் கண்ணை இடுக்கி எண்ணைப் பார்த்துக்கொண்டு, பின்னால் வருகிற வண்டிக்கு வழி சொல்வதுபோல் ஒரு கையை ஆட்டினார்.

"வரலாம்... வரலாம்... இன்னும் ஒண்ணு..."

எண் தயங்கித் தயங்கி இறங்கியது.

"நில்லு."

அவள் விரலின் பிடியைத் தளர்த்தினாள். குழாயின் நுனியில் ஒரு சொட்டு ஏற்கெனவே திரண்டிருந்தது. வெயில் அதில் பட்டது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு, விழுமா நிற்குமா என்று மூச்சை அடக்கிக் குனிந்திருந்தார்கள்.