பட்டியலில் நாற்பத்தோராவது பொருள்

கவர்னர் ராய்ஸ் பெட்டிபோன் தேர்தலில் தோற்ற ஒன்பதாம் நாள் காலையில் அவருடைய கையெழுத்து காகிதத்தை விட்டு இறங்கி நடந்து போனது. பாலங்களுக்கு வண்ணம் பூசுவதற்கான ஒப்பந்தம் அது. முதல் எழுத்து முன்னே போக, மற்றவை எறும்புச் சாரையாகப் பின்தொடர்ந்து, மேசைக் கால் வழியாக இறங்கி, தாழ்வாரத்தில் சுவரோரமாக ஊர்ந்து, இரண்டு மாடிப் படிகளைக் கடந்து சட்டசபைக் கட்டடத்தின் நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கேதான் புதிய கவர்னராகத் தேர்வான மார்லா விங்கேட்டின் ஆட்களுக்கு இரண்டு மேசைகளும் ஒரு தொலைபேசியும் கொடுத்திருந்தார்கள். துப்புரவுக்காரர் எறும்பு மருந்து தூவிப் பார்த்தார். எழுத்துகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. நிலவறையில் இருந்தவர்கள் ஒரு காலி காப்பி டப்பாவைக் கீழே வைத்ததும், மை தானாக அதில் இறங்கித் தங்கியது. 1983 நவம்பர் பதினேழு, வியாழக்கிழமை. பதினெட்டு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் வியாழக்கிழமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, மாளிகையில் வியாழன்தோறும் செய்யும் கெளுத்தி மீன் வறுவல் அன்றும் இருந்தது.

அந்த மீனை வறுத்தவர் லெமுவல் டார்வர். ஆயுள் கைதி. இருபது வயதில் மாவட்டச் சந்தையில் நடந்த ஒரு சண்டையில் கூடார முளையால் ஒருவனை அடித்தார், அடிபட்டவன் எழுந்திருக்கவில்லை. பதினோரு வருடம் சிறைப் பண்ணையில் பருத்தி பறித்தார், பிறகு ஏழு வருடமாகக் கவர்னர் மாளிகையில் சமையல். மாளிகை வேலைக்குக் கொலைக் கைதிகளைத்தான் எடுப்பார்கள். கொலை செய்தவன் ஒரு தரம் கோபப்பட்டவன், அவ்வளவுதான், திருடனைத்தான் வீட்டுக்குள் விட முடியாது என்பது அந்த மாநிலத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. பதவி முடிந்து போகிற கவர்னர் மாளிகைக் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும் வழக்கம். எந்தச் சட்டத்திலும் அது இல்லை, எட்டு கவர்னர்கள் தவறாமல் செய்திருந்தார்கள். பெட்டிபோன் தோட்டக்காரனையும் தரை மெழுகுபவனையும் வசந்தகாலத்திலேயே அனுப்பிவிட்டார். லெமுவலை மட்டும் நிறுத்தி வைத்தார். "நீ போயிட்டா எனக்கு மோர் ரொட்டி யாரு சுடுவா, லெம்? எப்படியும் இன்னொரு நாலு வருஷம் நான்தான். கடைசி நாள் காலையில மொத கையெழுத்து உனக்குத்தான்" என்றார். சோம்பலில் சொன்னது அல்ல, அன்பில்தான் சொன்னார். அதுதான் வினை.

மார்லா விங்கேட் ஊர் ஊராகப் போய் ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஜெயித்தார்: "கொலை செய்தவன் எவனும் இனி அந்த மாளிகையிலிருந்து காகிதத்தோடு வெளியே போக மாட்டான்." ஜனவரி பத்தாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் பதவி ஏற்றால், ஒரு மணிக்குச் சிறைப் பண்ணை வண்டி லெமுவலை ஏற்றிக்கொள்ள வரும். வண்டிக்கான உத்தரவை நிலவறையில் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். லெமுவலின் அக்கா வெர்லீன் ஞாயிறுதோறும் பின்வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாள். தம்பிக்காக வீட்டில் ஒரு கட்டிலை ஏழு வருடமாக விரித்தபடியே வைத்திருந்தாள்.

"அந்தாளுக்குப் பொண்டாட்டிய விட உன் ரொட்டி மேலதான் ஆசை. ஆசப்பட்டவன் விடுவானாடா?" என்றாள்.

"மத்த காகிதத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கிட்டேதான் இருக்காருக்கா. அது நிக்க மாட்டேங்குது."

"ஊர்ல யாரு கையெழுத்துதான் நிக்குது? நீ ரொட்டிய கருக்கிப் பாரு, நாளைக்கே அனுப்பிருவாரு."

லெமுவல் கருக்கவில்லை. கருக்கத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

உண்மையில் பெட்டிபோன் உடனே கையெழுத்துப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நவம்பர் கடைசியில் அவருடைய மை காகிதத்தில் நான்கு நாள் நின்றது, மாநில முத்திரை விழுந்தால்தான் மன்னிப்பு செல்லும், முத்திரை அலுவலகத்துக்குப் போக ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவர் மறு எண்ணிக்கை கேட்டிருந்தார். மன்னிப்பில் கையெழுத்திட்டால் தோற்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, லெமுவலின் பெயர் எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஊழியர்கள் எழுத்துகளைப் பார்த்து வாயை மூடிக்கொள்வது பொறுக்காமல், கோப்புகளைச் சமையலறை மேசைக்கு வரவழைத்தார். லெமுவல் முட்டை வேகவைக்கும் மணல்கடிகையைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு கையெழுத்தும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மாவுப் பையின் காகிதத்தில் குறித்தார். டிசம்பர் ஐந்து: ஒரு பகல். டிசம்பர் இருபது: ஒன்றரை மணி நேரம். கிறிஸ்துமஸ் அன்று வான்கோழியை வெட்டி முடிப்பதற்குள் போய்விட்டது. மறு எண்ணிக்கை ஜனவரி நான்காம் தேதி முடிந்தபோது, பெட்டிபோன் இன்னும் இருபத்தாறு ஓட்டு அதிகமாகத் தோற்றிருந்தார். அன்றைக்கே லெமுவலின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மை நின்றது கால் கடிகை, அதாவது முக்கால் நிமிடம். சமையலறையிலிருந்து முத்திரை அலுவலகத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி, அதற்குமேல் நாற்பது படி. காகிதத்தோடு ஓடிய காவலர் முப்பதாவது படியில் கையெழுத்தில்லாத தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதற்குள் மற்றவையும் கழன்றுகொண்டிருந்தன. வெள்ளிக் கரண்டியின் முதுகில் கவர்னரின் முகம் தெரியவில்லை. ஈரப் புல்லில் அவர் நடந்தால் தடம் விழவில்லை. காவலர்கள் அவருக்கு வணக்கம் வைக்க மறந்தார்கள், கேட்டால் மனதார வருந்தினார்கள். ஒன்று மட்டும் மாறவில்லை. பிசைந்து மூடி வைத்திருக்கும் ரொட்டி மாவைத் திறந்து கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பது அவருடைய பழைய கெட்ட பழக்கம். "ஐயா, கைய எடுங்க. ஏழு வருஷமா சொல்றேன்" என்று லெமுவல் அதட்டுவார். அந்தக் குழி மட்டும் விழுந்த இடத்திலேயே இருந்தது. லெமுவல் அதைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி பெட்டிபோன் தானே முத்திரை அலுவலகத்துக்குப் போனார். முத்திரை எந்திரம் தரையோடு முடுக்கியது, நகராது. அதைக் காத்த யூனிஸ் ஃபேர்லி முப்பத்தொரு வருடமாக அதே நாற்காலியில் இருந்தவள், கவர்னர்களை வரிசை எண்ணால் நினைவு வைத்திருப்பவள். கைப்பிடியை உயர்த்திப் பிடித்துத் தயாராக நின்றாள். அவர் கடைசி எழுத்தை எழுதும்போது முதல் எழுத்து மேசை விளிம்பைத் தாண்டியிருந்தது. முத்திரை கையெழுத்தில்லாத தாளில் விழுந்தது. கையெழுத்தில்லாமல் முத்திரை வைப்பது குற்றம் என்பதால் யூனிஸ் அதை எட்டாகக் கிழித்தாள். "வருத்தமா இருக்கு, கவர்னர். நாளைக்கு இந்த நேரத்துக்கு உங்கள எனக்கு அடையாளமே தெரியாமப் போனாலும் போகும்" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புதியவரின் ஆட்கள் மாளிகைக்குள் நாடாவோடு வந்து திரைச்சீலைகளை அளந்தார்கள். பெட்டிபோன் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அளந்தவர்களில் ஒருவன் அவர் இருப்பது தெரியாமல் அவர் மடியில் நாடாவின் நுனியை வைத்துவிட்டுப் போனான்.

"லெம், நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

"ரொட்டி சாப்பிடுறீங்களா?"

"வண்டி ஒரு மணிக்கு வருது. ரொட்டியப் பத்திப் பேசுற."

"வேற எதப் பத்தி எனக்குத் தெரியும்?" என்ற லெமுவல் மாவுச் சட்டியின் துணியை விலக்கினார். கவர்னர் இரவில் வந்து குத்தியிருக்கிறார். நடுவில் கட்டைவிரல் குழி. லெமுவல் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காகிதத்தின்மேல் வைப்பது எதுவும் எழுந்து போய்விடுகிறது. இது வைத்தது அல்ல, எடுத்தது. பள்ளத்துக்குக் கால் கிடையாது.

யூனிஸ் கிழித்த காகிதத்தின் வாசகங்களை ஒரு முள்கரண்டியின் பல்லால் மாவில் சுருக்கமாகக் கீறினார்கள்: லெமுவல் டார்வர், முழு மன்னிப்பு, தேதி. கீழே கவர்னர் தன் பெயரை ஆழமாகக் கீறினார். ஒரு எழுத்தும் அசையவில்லை. ஆனால் அடுப்புக்குள் போனதும் மாவு உப்பி, கையெழுத்து உதடு மூடுவதுபோல் மூடிக்கொண்டது. வெளியே வந்தது அழகான, பொன்னிறமான, ஒன்றும் எழுதாத ரொட்டி. மணி பத்து இருபது. லெமுவல் கைகளை அலம்பினார். புதிதாக மாவு எடுத்தார், அதில் உப்பவைக்கும் சோடா போடவில்லை, மோரைப் பாதியாகக் குறைத்தார், கல்போலப் பிசைந்தார். இப்படித் தன் பெயரைக் கெடுக்கும் ஒரு ரொட்டியை அவர் அதுவரை செய்ததில்லை. பதினொன்று பதினைந்துக்கு அது அடுப்பிலிருந்து எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது.

"நீ சுட்டதுலயே மட்டமான ரொட்டி இதுதான்" என்றார் பெட்டிபோன்.

"ஆறிப்போனா முத்திரை எறங்காது. பேசிட்டு நிக்காதீங்க."

கைதி மாளிகை எல்லையைத் தாண்டக் கூடாது. துணி சுற்றினால் எழுத்து நசுங்கும். கவர்னரே அந்த ரொட்டியை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு, சட்டைக் கையை மடித்தபடி புறப்பட்டார். சன்னலில் நின்று லெமுவல் பார்த்தார். பனி பூத்த புல்வெளியில் பதவியேற்புக்கான நாற்காலிகள் போட்டிருந்தார்கள், பித்தளை வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊடாக அவர் போனார். யாரும் விலகவில்லை, யாரும் திரும்பவில்லை, பனியில் ஒரு தடமும் விழவில்லை. ரொட்டியிலிருந்து எழுந்த ஆவி மட்டும் மனித உயரத்தில் நேர்கோடாகப் போவது தெரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு அடியிலும் அவர் அதைக் கைமாற்றவில்லை.

மேலே நடந்ததை யூனிஸ் பிறகு சொன்னாள். கதவு திறந்தது, ரொட்டி வந்தது, அதைப் பிடித்திருப்பவரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. மாநில அரசியல் சாசனத்தில் 'கையொப்பமும் முத்திரையும்' என்றுதான் இருக்கிறது, எதன்மேல் என்று இல்லை. மாநிலத்தின் முதல் நிலப்பத்திரமே மான்தோலில் எழுதியது என்பது அவளுக்குத் தெரியும். பதினொன்று இருபத்தேழுக்குக் கைப்பிடியை இறக்கினாள். முத்திரை நன்றாகப் பதிந்தது. பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். எதிரில் இருந்தவரின் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நிமிர்ந்தபோது அறையில் யாரும் இல்லை.

பன்னிரண்டு அடித்ததும் பெட்டிபோனின் பெயரில் மிச்சமிருந்த மை முழுவதும், மீன்பிடி உரிமங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், நெடுஞ்சாலைப் பலகைகள் எல்லாவற்றிலிருந்தும் இறங்கி, தலைநகரத்துத் தெருக்களின் ஓரமாகச் சாரை சாரையாக நிலவறைக் காப்பி டப்பாவுக்கு வந்தது. மார்லா விங்கேட் பிரமாணம் எடுத்து முடித்து, காப்பி டப்பாவிலிருந்து பேனாவை நிரப்பிக்கொண்டு, நேராக முத்திரை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய வழக்கறிஞர், ரொட்டி ஆவணம் ஆகாது என்று பத்து நிமிடம் பேசினார். எல்லாரும் ரொட்டியைச் சுற்றி நின்று, எழுத்து எழுந்து நடக்கிறதா என்று ஒரு மணி வரை காத்திருந்தார்கள். நடக்கவில்லை.

"அவன் கையில காகிதம் எதுவும் இருக்கா?" என்று புதிய கவர்னர் கேட்டார்.

"ஒரு துண்டு கூட இல்லைங்க. ஆவணம் இங்கதான் இருக்கும்" என்றாள் யூனிஸ்.

"காகிதத்தோட போக மாட்டான்னுதான் நான் சொன்னேன். போகச் சொல்லுங்க." பிறகு சுட்டுவிரலால் ரொட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, விரலை வாயில் வைத்துக்கொண்டார். சூடு.

சிறைப் பண்ணை வண்டி காலியாகத் திரும்பியது. லெமுவல் சமையலறைக் கதவு வழியாகவே வெளியே போனார், மற்ற கதவுகள் அவருக்குப் பழக்கமில்லை. பின்வாசலில் வெர்லீன் தன் வண்டியின் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள். "என்னடா, கருக்கினியா?" என்றாள். "அதவிட மோசம்" என்றார். அக்கா வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தார், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார், ரொட்டிக்கு அளவைவிட ஒரு சிட்டிகை சோடா அதிகமாகவே போட்டார். பெட்டிபோன் ஊருக்குப் போய்ப் புளிப்பு ஆப்பிள் பயிரிட்டதாகச் சொல்கிறார்கள். நாளடைவில் கரண்டியில் முகம் தெரியத் தொடங்கியது, உள்ளங்கைத் தழும்பு போகவில்லை. லெமுவல் இறந்த அன்று, ஓய்வுபெற்றிருந்த யூனிஸ் தடி ஊன்றி அலுவலகத்துக்கு வந்து, ரொட்டி இருந்த இழுப்பறையைத் திறந்து, இப்போதாவது ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ஆறவில்லை.

எலி அதைத் தொடுவதில்லை, பூசணம் பிடிப்பதில்லை. குளிர்காலத்தில் எழுத்தர்கள் அந்த இழுப்பறையைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஆட்சி மாறும்போது பழைய நிர்வாகம் புதிய நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் பொருள்களின் பட்டியலில், முத்திரை எந்திரத்துக்கும் எட்டுக் குடைகளுக்கும் நடுவில், நாற்பத்தோராவதாக அது இருக்கிறது: ரொட்டி ஒன்று, சூடாக. எந்தக் கட்சி வந்தாலும் புதிய கவர்னரின் ஆள் ஒருவர் இழுப்பறையைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, சரியென்று குறியிட்டுவிட்டுக் குடைகளை எண்ணப் போகிறார்.