பாதிரியாராக இருந்த பிரபு

1

இந்தக் கதை எனக்கு ராஜபாளையத்தில் ஒரு பிரேம் கடையில் கிடைத்தது. கல்யாணப் போட்டோவுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற இவாஞ்சலின் சிரித்தாள், உடனே அழுதாள். கேட்டேன், சொன்னாள். அவள் சொல்லாததையும், பின்னால் நடந்ததையும் நானே எழுதியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பனி மூடிய ஒரு காலை’ — வேண்டாம். நான் இங்கிலாந்து போனதில்லை. கடையிலிருந்தே வருவோம்.

2

அவள் கொண்டுவந்தது தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படம். அடர்ந்த கிருதா வைத்த வெள்ளைக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் அம்மா ஏசம்மாளுக்கு, அவர் தன் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார். குடும்ப ஜெபம் அந்தப் படத்தின் கீழேதான். வரும் ஞாயிறு அதைச் சர்ச்சில் மாட்டப் போகிறார்கள். திறந்துவைப்பது ஏசம்மாள்.

சட்டத்தைக் கழற்றியதும், ஓர அட்டை மறைத்திருந்த ஆங்கில வரிகள் வெளியே வந்தன. ஒரு பிரபுவின் பெயர். கீழே, பாராளுமன்ற உறுப்பினர், விவசாயச் சங்கத் தலைவர்.

3

(ஒரு வரைவில், இவாஞ்சலின் கடைக்காரரிடம் அட்டையைப் பழையபடி ஒட்டிவிடச் சொல்கிறாள். கிழித்துப் போட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஏசம்மாள் படத்தைக் கையில் வாங்கினாள்.

“இம்புட்டு வருசமும் இந்த ஆளுக்கு முன்னாலயா ஏட்டி முட்டுப் போட்டேன்?”

“ஜெபம் ஆண்டவர்கிட்டதானம்மா. சர்ச்சுல நான் சொல்லிருதேன். நீ வரவேண்டாம்.”

“இவரு என்னதான் செஞ்சாராம்?”

இவாஞ்சலின் போனில் தேடியதைச் சொன்னாள். “தண்ணி தேங்குற வயலுக்கு அடியில குழா பதிச்சு வடிய வச்சாராம். பொறவு, ஆடு வளக்கணும்னு குடியானவங்கள ஊரை விட்டே கெளப்பியிருக்காரு.”

“அப்போ இந்தப் படம் ஜெபத்துக்கும் ஆகாது,” என்றாள் ஏசம்மாள். “நானே சொல்லுதேன்.”

4

ஞாயிற்றுக்கிழமை ஏசம்மாள் படத்தை மூடியிருந்த துணியை விலக்கவில்லை.

“இது நம்ம பாதிரியார் இல்ல. எங்க வீட்டுல தப்பா சொல்லிட்டு வந்திருக்கோம். எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்குனது மெய். கொடுத்தவரு மொகம் நமக்குத் தெரியாது.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இவாஞ்சலின் எழுந்துபோய் அம்மா பக்கத்தில் நின்றாள். சிரிப்பு அடங்கியது.

சபைப் பெரியவர் தேவஇரக்கம் சுவரைக் காட்டினார். “ஆணி அடிச்சாச்சே ஏசம்மா. இப்போ என்னத்த மாட்ட?”

அவள் சொன்னதாக மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றும் அவள் அதுவரை சொன்னதற்கு ஈடாக நிற்கவில்லை. அடித்துவிட்டேன். அந்த ஆணியில் எதை மாட்டுவது என்ற கேள்வி உங்களிடமும்தான் கேட்கப்பட்டிருக்கிறது.